மனித இன்டர்லூகின்-2: குப்பியில் உள்ள எடையும் அதன் வேலைத்திறனும்

முதலாண்டு ஆய்வு மாணவர் ஒருவரின் கேள்வி இது: "டி செல்களை வளர்ப்பதற்காக எங்கள் ஆய்வகத்தில் 50 மைக்ரோகிராம் மனித ஐஎல்-2 வாங்கியிருக்கிறார்கள். இ. கோலை பாக்டீரியாவில் தயாரித்தது என்று குப்பியில் எழுதியிருக்கிறது. செய்முறைக் குறிப்பிலோ மில்லிலிட்டருக்கு 100 யூனிட் சேர்க்கச் சொல்லியிருக்கிறது. இதை எதில் கரைப்பது, எவ்வளவு சேர்ப்பது? பாக்டீரியா செய்த புரதம் மனித உடலில் உள்ள அதே புரதம்தானா?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

நம் உடலில் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்கள், தம்மைப் பெருகத் தூண்டும் இன்டர்லூகின்-2 (சுருக்கமாக ஐஎல்-2) புரதத்தை முதலில் 153 அமினோ அமிலங்கள் கொண்ட முன்வடிவமாகக் கோக்கின்றன. அதன் முதல் 20 அமினோ அமிலங்கள், புரதத்தைச் செல்லுக்கு வெளியே அனுப்புவதற்கான அடையாளப் பகுதி. அந்த வேலை முடிந்ததும் அது வெட்டி நீக்கப்படுகிறது. மீதமுள்ள 133 அமினோ அமிலங்கள்தான் முதிர்ந்த ஐஎல்-2. அதன் எடை ஏறத்தாழ 15,500 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). உங்கள் குப்பியோடு வந்த தகவல் தாளில் "அலனின் 21 முதல் த்ரியோனின் 153 வரை" என்று இருந்தால், முன்வடிவத்தின் எண்வரிசைப்படி முதிர்ந்த புரதம் முழுவதும் இருக்கிறது என்று பொருள்.

பாக்டீரியாவில் செய்த புரதம் உடலில் உள்ளதிலிருந்து சில இடங்களில் வேறுபடும். உடலில் உருவாகும் ஐஎல்-2இன் மூன்றாவது அமினோ அமிலமான த்ரியோனினில் பெரும்பாலும் ஒரு சர்க்கரைச் சங்கிலி இணைந்திருக்கும். இ. கோலையால் அதை இணைக்க முடியாது. ஆனால் செல்லைத் தூண்டும் வேலைக்கு அந்தச் சர்க்கரை தேவையில்லை. புரதத்தின் தொடக்கத்தில் பாக்டீரியா சேர்த்த ஒரு மெத்தியோனின் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதனாலும் கெடுதல் இல்லை. கவனிக்க வேண்டியது மூன்றாவது வேறுபாடு. ஐஎல்-2இல் 58, 105, 125 ஆகிய மூன்று இடங்களில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. 58உம் 105உம் கைகோத்து டைசல்ஃபைடு பிணைப்பாகும்போதுதான் புரதம் சரியான வடிவத்துக்கு வருகிறது. 125ஆவது தனியாக நிற்கிறது. பாக்டீரியாவுக்குள் திரண்டு கிடக்கும் புரதத்தைக் கரைத்து மறுபடி மடிக்கும்போது, இந்தத் தனிச் சிஸ்டீன் தவறான இணையைப் பிடித்துக்கொள்ளும். அப்படி மடிந்த மூலக்கூறு தராசில் எடை காட்டும், செல்லிடம் வேலை காட்டாது. அமெரிக்காவின் சீட்டஸ் நிறுவன ஆய்வாளர்கள் 125ஆவது சிஸ்டீனை செரினாக மாற்றி, வேலைத்திறன் குறையாத, நிலையான புரதம் கிடைப்பதை 1984இல் வெளியிட்டார்கள். இன்று விற்பனைக்கு வரும் பல குப்பிகளில் இருப்பது அந்த மாற்றம் பெற்ற வடிவம்தான். சில தகவல் தாள்களில் "சிஸ்டீன் 145 செரினாக மாற்றப்பட்டது" என்று இருக்கும். முன்வடிவத்தின் 20ஐயும் கூட்டி எண்ணியதால் 125 அங்கே 145 ஆகியிருக்கிறது. இரண்டும் ஒரே இடம்தான். ஆகவே, வரிசையில் ஓரிரு எழுத்துகள் மாறியிருந்தாலும், வளர்ப்பூடகத்தில் இருக்கும் டி செல்லுக்கு இது ஐஎல்-2தான்.

பாக்டீரியாவில் செய்ய வேண்டிய தேவை ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1976இல் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் டோரிஸ் மார்கன், பிரான்சிஸ் ரஸ்கெட்டி, ராபர்ட் காலோ ஆகியோர், தூண்டப்பட்ட லிம்போசைட்டுகள் (டி செல்கள் அடங்கிய வெள்ளணு வகை) வளர்ந்த ஊடகத்தை மனித எலும்பு மஜ்ஜைச் செல்களுக்குக் கொடுத்தபோது, டி செல்கள் மட்டும் தேர்ந்து பெருகுவதையும் நெடுநாள் உயிரோடிருப்பதையும் கண்டார்கள். ஊடகத்தில் இருந்த அந்தப் பொருளை டி செல் வளர்ச்சிக் காரணி என்று அழைத்தார்கள். 1979இல் சுவிட்சர்லாந்தின் எர்மாட்டிங்கனில் கூடிய ஆய்வாளர்கள் இன்டர்லூகின் என்ற பெயரை வகுத்தார்கள். அந்தக் காலத்தில் ஐஎல்-2 வேண்டுமென்றால், தானமாகப் பெற்ற ரத்தத்திலிருந்து லிம்போசைட்டுகளைப் பிரித்து, ராஜ்மா விதையிலிருந்து எடுக்கும் பைட்டோஹீமாக்ளூட்டினினால் தூண்டி, சில நாள் கழித்து மேலே நிற்கும் ஊடகத்தைச் சேகரிக்க வேண்டும். அதில் ஐஎல்-2 மட்டும் இருக்காது; இன்டர்ஃபெரானும், மிச்சமிருக்கும் பைட்டோஹீமாக்ளூட்டினினும், பெயர் தெரியாத வேறு புரதங்களும் இருக்கும். டி செல் பெருகினால் எதனால் பெருகியது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனாலும் அந்தக் கலவைதான் 1980இல் மனித டி செல் ரத்தப் புற்றுநோய் வைரஸைக் கண்டறியவும், 1983இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பின்னாளில் எச்ஐவி எனப் பெயர் பெற்ற வைரஸைப் பிரித்தெடுக்கவும் செல்களை உயிரோடு வைத்திருந்தது. அதே 1983இல் ஜப்பானில் தடட்சுகு தானிகுச்சி குழுவினர் ஜுர்காட் என்னும் மனித டி செல் வரிசையிலிருந்து ஐஎல்-2 மரபணுவின் நகலைப் பிரித்து அதன் வரிசையைப் படித்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டே பாக்டீரியாவில் செய்த ஐஎல்-2 ஆய்வகங்களுக்கு வந்துவிட்டது. நீங்கள் கையில் வைத்திருக்கும் குப்பியில் ஒரே ஒரு மனிதப் புரதம் மட்டும் இருக்கிறது என்பது அந்தத் தலைமுறைக்குக் கிடைக்காத வசதி.

இனி கணக்குக்கு வருவோம். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்.

மைக்ரோகிராம் என்பது எடை. யூனிட் என்பது வேலை. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் எண் புரதத்துக்குப் பொதுவானது அல்ல. அந்தந்த லாட்டுக்கு, அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதிக்கு, உரியது. அதை அளக்க இன்றும் பயன்படுவது சிடிஎல்எல்-2 என்னும் எலி டி செல் வரிசை. இந்தச் செல்கள் ஐஎல்-2 இல்லாமல் வாழத் தெரியாதவை. நன்றாகக் கழுவி ஐஎல்-2 இல்லாத ஊடகத்தில் விட்டால் ஓரிரு நாளில் மடிந்துவிடும். 96 குழித் தட்டில் இவற்றைப் பரப்பி, ஒரு வரிசையில் ஐஎல்-2ஐப் படிப்படியாக நீர்த்துக் கொடுத்து, மறுநாளோ அதற்கடுத்த நாளோ ரெசாசுரின் சாயத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஐஎல்-2 போதுமான அளவு இருந்த குழிகள் இளஞ்சிவப்பாகும். இல்லாதவை நீலமாகவே நிற்கும். நடுவில் இரண்டு மூன்று குழிகள் ஊதாவாக இருக்கும். அந்த ஊதாவில்தான் விடை இருக்கிறது. உச்சத் தூண்டலில் பாதியைத் தரும் செறிவை அந்த இடத்திலிருந்து கணக்கிடுகிறார்கள். பத்து லட்சத்தை அந்தச் செறிவால் வகுத்தால் ஒரு மில்லிகிராமில் எத்தனை யூனிட் என்பது கிடைக்கும். செறிவை மில்லிலிட்டருக்கு நானோகிராமில் எடுத்துக்கொள்ள வேண்டும். பாதித் தூண்டல் 0.1 நானோகிராமில் வந்தால் ஒரு மில்லிகிராமுக்கு ஒரு கோடி யூனிட்.

பல தகவல் தாள்களில் "0.1 முதல் 0.5 நானோகிராம் வரை" என்று ஒரு வீச்சாகக் கொடுத்திருப்பார்கள். இதை அப்படியே கடந்துவிடக் கூடாது. 0.1 என்றால் மில்லிகிராமுக்கு ஒரு கோடி, 0.5 என்றால் 20 லட்சம். ஐந்து மடங்கு வித்தியாசம்! எனவே பொதுத் தகவல் தாளை வைத்துக்கொண்டு கணக்குப் போடாமல், உங்கள் லாட் எண்ணுக்குரிய பகுப்பாய்வுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள யூனிட் உலக சுகாதார அமைப்பின் ஒப்பீட்டு மாதிரியோடு பொருத்திப் பார்த்த சர்வதேச யூனிட்டா, அல்லது தயாரித்தவர்களே தம் செல்களில் அளந்த யூனிட்டா என்பதையும் பாருங்கள். சர்வதேச யூனிட் என்றால்தான் வேறோர் ஆய்வகத்தின் செய்முறையோடு ஒப்பிட முடியும்.

பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது இன்னொரு சிக்கல் வரும். 1980களில் சீட்டஸ் யூனிட் என்று ஓர் அளவு இருந்தது. ஒரு சீட்டஸ் யூனிட் 6 சர்வதேச யூனிட்டுக்குச் சமம். புற்றுக்கட்டிக்குள் ஊடுருவிய டி செல்களை வளர்க்கும் செய்முறைகளில் மில்லிலிட்டருக்கு 6000 சர்வதேச யூனிட் என்று பார்த்து மலைக்க வேண்டாம். அது 1000 சீட்டஸ் யூனிட்டின் நேர் மொழிமாற்றம். கட்டுரையில் வெறுமனே "யூனிட்" என்று இருந்தால், எந்த நிறுவனத்தின் புரதம், எந்த ஆண்டு என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் லாட்டுக்கு மில்லிகிராமுக்கு ஒரு கோடி சர்வதேச யூனிட் என்று சான்றிதழ் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு மைக்ரோகிராமில் 10,000 யூனிட், குப்பியின் 50 மைக்ரோகிராமில் மொத்தம் 5 லட்சம் யூனிட். இதை அரை மில்லிலிட்டரில் கரைத்தால் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1000 யூனிட் வரும். 10 மில்லிலிட்டர் ஊடகத்தில் மில்லிலிட்டருக்கு 100 யூனிட் வேண்டுமென்றால் தேவை 1000 யூனிட், அதாவது ஒரே ஒரு மைக்ரோலிட்டர். ஒரு மைக்ரோலிட்டரைப் பிப்பெட்டில் எடுத்து நேராக ஊடகத்தில் விடுவதை நான் அனுமதிப்பதில்லை. முனையின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் துளியே அந்த அளவுக்கு இருக்கும். இந்த ஸ்டாக்கை, அதாவது செறிவான மூலக் கரைசலை, பத்துப் பத்து மைக்ரோலிட்டராகப் பிரித்து உறைய வைத்துக்கொள்ளுங்கள். வேண்டும்போது ஒன்றை எடுத்து, சீரம் கலந்த ஊடகத்தில் மொத்தம் 1 மில்லிலிட்டர் ஆக்கினால் மில்லிலிட்டருக்கு 10,000 யூனிட் கொண்ட வேலைக் கரைசல் கிடைக்கும். அதிலிருந்து 100 மைக்ரோலிட்டரைப் பத்து மில்லிலிட்டர் வளர்ப்புக்குச் சேர்ப்பது கைக்கு எளிது, பிழையும் குறைவு. மீதியை 4 டிகிரியில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். மறுபடி உறைய வைக்காதீர்கள்.

கரைக்கும் விதம். குப்பியைத் திறப்பதற்கு முன் சில விநாடிகள் மையவிலக்கியில் சுழற்றுங்கள். உறைய வைத்து உலர்த்திய 50 மைக்ரோகிராம் புரதம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது. குப்பியின் அடியில் மெல்லிய வெண்படலம் தெரிந்தால் அதில் பெரும்பகுதி தயாரிப்பின்போது சேர்த்த உப்போ சர்க்கரையோதான். ஒன்றும் தெரியவில்லை என்றாலும் குப்பி காலி என்று எண்ண வேண்டாம். மூடியில் ஒட்டியிருப்பது சுழற்றும்போது கீழே வந்துவிடும்.

ஐஎல்-2 நீரை விரும்பாத பகுதிகள் மிகுந்த புரதம். நடுநிலை அமிலத்தன்மையில், அதாவது சாதாரண பாஸ்பேட் பஃபரில், செறிவாகக் கரைக்கப் பார்த்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். அதனால்தான் பல தயாரிப்பாளர்கள் 100 மில்லிமோலார் அசிட்டிக் அமிலத்தில் கரைக்கச் சொல்கிறார்கள். மருந்தாக வரும் ஐஎல்-2இல் சோடியம் டோடெசில் சல்ஃபேட் சிறிதளவு இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். அமிலம் செல்லைக் கெடுக்குமோ என்று அஞ்ச வேண்டாம். மேலே சொன்ன கணக்கில் ஸ்டாக் பத்தாயிரம் மடங்கு நீர்த்துப் போகிறது. ஊடகத்தின் நிறம்கூட மாறாது. உங்கள் குப்பியின் தாள் வேறு கரைப்பானைச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள், ஏனென்றால் உலர்த்தும்போது என்ன சேர்த்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கரைப்பானை ஓரமாக விட்டு, குப்பியை மெதுவாகச் சாய்த்துச் சுழற்றி, சில நிமிடங்கள் விட்டுவிடுங்கள். வோர்டெக்ஸில் வைத்து நுரை கிளப்ப வேண்டாம்.

கரைத்த பிறகு புரதத்துக்கு உள்ள பெரிய எதிரி நாம் பயன்படுத்தும் பிளாஸ்டிக்தான். செறிவு குறையக் குறைய, குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும் பங்கு கூடிக்கொண்டே போகும். ஸ்டாக்கை மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வைக்காதீர்கள், அதோடு 0.1 சதவீதம் மாட்டு சீரம் அல்புமின் சேர்த்தால், சுவரில் உள்ள இடங்களை அல்புமின் பிடித்துக்கொண்டு ஐஎல்-2ஐக் கரைசலில் விட்டுவைக்கும். இந்தத் துணைப் புரதத்தைத்தான் கேரியர் என்கிறார்கள். கேரியர் உள்ளது, இல்லாதது என இரண்டு வகையிலும் குப்பிகள் வருகின்றன. செல் வளர்ப்புக்குக் கேரியர் உள்ளது போதும், நல்லதும்கூட. புரதத்தில் சாயம் இணைக்கவோ, அளவீட்டுச் சில்லின்மீது பொருத்தவோ போகிறீர்கள் என்றால் கேரியர் இல்லாததே வேண்டும்; இல்லாவிட்டால் ஐஎல்-2ஐவிடப் பல மடங்கு அதிகமாக உள்ள அல்புமின்தான் சாயம் ஏறி நிற்கும்.

எங்கள் ஆய்வகத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒருமுறை புதிய குப்பி வந்த பிறகு டி செல்கள் மூன்றாம் நாளோடு பெருகுவதை நிறுத்திக்கொண்டன. கொத்துக் கொத்தாக உருண்டு திரள வேண்டிய செல்கள் தனித்தனியாகச் சுருங்கிக் கிடந்தன. செல்களைப் பிரித்துப் புதிதாக ஊடகம் ஊற்ற வேண்டிய நாளில், செல்கள் பெருகி அமிலம் சேர்ந்து மஞ்சளாகியிருக்க வேண்டிய ஊடகம் சிவப்பாகவே இருந்தது. குப்பி கெட்டுப்போய் வந்திருக்கிறது என்றே எல்லோரும் நினைத்தோம். சிடிஎல்எல்-2 தட்டு வைத்துப் பார்த்தபோது, உறைய வைத்த ஸ்டாக் சான்றிதழ் சொன்ன வேலைத்திறனோடு அப்படியே இருந்தது, வேலைக் கரைசலில் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. விசாரித்தபோது காரணம் தெரிந்தது. நுண்ணுயிர் கலந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், சீரமோ அல்புமினோ இல்லாத பஃபரில் நீர்த்த கரைசலை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்திருந்தார்கள். வடிகட்டியின் சவ்விலேயே ஐஎல்-2 தங்கிவிட்டது. அன்றிலிருந்து நாங்கள் கரைப்பானை மட்டும் முன்கூட்டியே வடிகட்டி வைத்துக்கொள்கிறோம். புரதத்தைச் சேர்த்த பிறகு வடிகட்டுவதில்லை.

100 யூனிட் என்ற அளவு எங்கிருந்து வருகிறது என்றும் தெரிந்துகொள்வது நல்லது. ஐஎல்-2ஐப் பிடிக்கும் ஏற்பியில் ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று சங்கிலிகள். மூன்றும் சேர்ந்திருக்கும் செல், சுமார் 10 பிக்கோமோலார் ஐஎல்-2ஐயே இறுகப் பிடித்துவிடும். நம் கணக்கில் அது மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 0.15 நானோகிராம், ஒன்றரை யூனிட். பீட்டாவும் காமாவும் மட்டும் இருக்கும் செல்லுக்கு அதைப்போல் நூறு மடங்கு, அதாவது 150 யூனிட் அளவில் தேவைப்படும். தூண்டப்பட்ட டி செல்லிலும், நோய் எதிர்ப்பை அடக்கி வைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்லிலும் மூன்று சங்கிலிகளும் உண்டு. ஓய்வில் இருக்கும் இயற்கைக் கொல்லிச் செல்களில் பெரும்பாலும் இரண்டுதான். ஆகவே ஐஎல்-2இன் அளவை மாற்றினால் வளர்ச்சியின் வேகத்தோடு, கலவையில் எந்த வகைச் செல் முந்துகிறது என்பதும் மாறும். செல்கள் ஏற்பியோடு சேர்த்து ஐஎல்-2ஐ உள்ளிழுத்துச் செரித்துவிடுவதால், தொடக்கத்தில் சேர்த்த அளவு அப்படியே நிற்காது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புதிதாகச் சேர்க்க வேண்டும். பத்து மடங்கு அதிகமாக ஊற்றிவிட்டு ஒரு வாரம் திரும்பிப் பார்க்காமல் இருப்பதைவிட இதுவே சரியான முறை.

இ. கோலையில் செய்த புரதம் என்பதால் எண்டோடாக்சினையும் பார்த்துவிட வேண்டும். பாக்டீரியாவின் புறச்சுவரில் உள்ள இந்தப் பொருள் மிகச் சிறு அளவிலேயே மோனோசைட்டுகள் என்னும் வேறு வகை வெள்ளணுக்களை உசுப்பிவிடும். ஒரு மைக்ரோகிராம் புரதத்துக்கு 1 எண்டோடாக்சின் யூனிட்டுக்கும் குறைவு என்று உங்கள் தாளில் இருந்தால், 100 யூனிட் ஐஎல்-2 சேர்க்கும் வளர்ப்பில் அது கவலைப்படும் அளவே அல்ல, மில்லிலிட்டருக்கு 0.01ஐத் தாண்டாது. அதே குப்பியைக் கொண்டு 6000 யூனிட் சேர்த்தால் அது 0.6 வரை போகலாம், ஏறத்தாழ 60 பிக்கோகிராம். மோனோசைட்டுகளும் கலந்திருக்கும் ரத்த ஒற்றைக்கருச் செல்களில் ஆய்வு செய்பவர் அந்த அளவைப் புறக்கணிக்க முடியாது. அத்தகைய வேலைக்கு 0.1க்கும் குறைவான குப்பியை வாங்குங்கள். சந்தேகம் இருந்தால், ஐஎல்-2ஐச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி) சேர்த்து ஒரு கட்டுப்பாட்டுக் குழி வையுங்கள். அப்போதும் மறையாத விளைவு ஐஎல்-2ஆல் வந்தது அல்ல.

ஒன்றை மட்டும் கண்டிப்போடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஐஎல்-2 மருந்தாகவும் இருக்கிறது. ஆல்டெஸ்லூகின் என்ற பெயரில் 1992இல் பரவிய சிறுநீரகப் புற்றுநோய்க்கும், 1998இல் பரவிய மெலனோமாவுக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அந்த மருந்தின் 1.1 மில்லிகிராமில் 1 கோடியே 80 லட்சம் சர்வதேச யூனிட் இருக்கிறது. அதிக அளவில் செலுத்தும்போது ரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழும். ஆகவே மருத்துவமனைக் கண்காணிப்பில்தான் கொடுக்கிறார்கள். உங்கள் குப்பியின்மீது "ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்று எழுதியிருப்பதன் பொருள், மனித உடலுக்குள் செலுத்துவதற்கான நுண்ணுயிரற்ற தன்மை, தயாரிப்புக் கட்டுப்பாடு எதற்கும் அது உறுதி பெறவில்லை என்பதே. அமினோ அமில வரிசை ஒன்றாக இருப்பதால் மருந்துக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தலாமா என்று யாராவது கேட்டால், எந்த நிலையிலும் கூடாது என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். நோயாளிக்குத் திரும்பச் செலுத்தப் போகும் செல்களை வளர்ப்பவர்களும் அதற்கென்று தயாரிக்கப்பட்ட தரத்தில்தான் வாங்க வேண்டும்.

கடைசியாக, இந்தக் குப்பி தீர்ந்துபோகும் முன்பே அடுத்ததை வரவழைத்துவிடுங்கள். இதில் மூன்று பிரிப்புகளைத் தனியாக மைனஸ் 80 டிகிரியில் எடுத்து வைத்து, புது லாட் வந்ததும் பழையதையும் புதியதையும் ஒரே தட்டில் ஒரே நாளில் ஓட்டிப் பாருங்கள். மனித ஐஎல்-2 எலியின் செல்லிலும் வேலை செய்யும் என்பதால் சிடிஎல்எல்-2 செல்களே போதும். அந்த வரிசை கைவசம் இல்லையென்றால், ஒரே கொடையாளரின் தூண்டப்பட்ட டி செல்களை இரண்டாகப் பிரித்து, ஐந்தாறு நீர்ப்புகளில் ஐந்து நாள் வளர்த்து எண்ணினாலும் வித்தியாசம் தெரிந்துவிடும். உங்கள் குறிப்பேட்டில் நானோகிராமை மட்டும் எழுதாமல் யூனிட்டையும் லாட் எண்ணையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.